கூரைக்குள் ஒரு கடைத்தெரு

வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி வழியே வடக்கு நோக்கி நடப்பவர், கால் தளராதிருந்தால், அரைமணி நேரத்தில் பம்பலப்பிட்டியிலுள்ள மெஜஸ்டிக் சிட்டி என்னும் கடைத்தொகுதியை அடைந்துவிடலாம். முன்னாளில் மெஜஸ்டிக் என்ற படமாளிகை நின்ற நிலம் அது. எங்கள் தலைமுறையினர் மூன்று மணி நேரம் படம் பார்த்துவிட்டு வீடு திரும்பிய இடத்தில், இந்நாளைய இளைஞர் முழுநாட் பொழுதையும் ஒன்றும் வாங்காமலே கழிக்கின்றனர். சென்ற சித்திரை வெயிலில் என் பேரனுடன் அங்கே ஒதுங்க நேர்ந்தது. வாங்க வேண்டியிருந்தது ஒரு கொப்பியும் இரண்டு பேனாவுமே. வெளியே வந்தபோது என் கையில் மூன்று பைகள் இருந்தன. தெருவைக் கொண்டுவந்து வீட்டுக்குள் வைக்கும் எண்ணம் முதலில் எவருக்குத் தோன்றிற்று என்று பேரன் வினவினான். நாற்பதாண்டு காலம் வகுப்பறையில் வினாத் தொடுத்தே பழகிய எனக்கு விடை சொல்வதில் ஒரு கூச்சம் உண்டு. ஆயினும் இந்த வினாவுக்கு விடையாக ஒரு மனிதரின் வாழ்க்கையே இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதத் துணிகிறேன்.

அங்காடி நமக்குப் புதிதன்று. புகார் நகரத்து நாளங்காடியைச் சிலப்பதிகாரம் கற்றோர் அறிவர். மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடையே, அடர்ந்த சோலையின் மரங்களையே தூண்களாகக் கொண்டு கடைகள் அமைந்திருந்தன. மதுரையின் நாளங்காடியையும் அல்லங்காடியையும் மதுரைக்காஞ்சி காட்டுகிறது. இவையெல்லாம் ஊரின் நடுவே ஊரோடு வளர்ந்தவை. ஊருக்கு வெளியே, வெறும் வயலில், நாற்புறமும் சுவர் எழுப்பி, மேலே கூரை வேய்ந்து, உள்ளே செயற்கைக் காற்றும் செயற்கை வசந்தமும் நிரப்பி, வெளியே ஆயிரக்கணக்கான மோட்டார் வண்டிகள் நிற்க இடம்விட்டு அமைத்த கடைத்தெரு வேறு வகையானது. அதற்கு வடிவம் கொடுத்தவர் விக்டர் குரூன் என்னும் கட்டடக் கலைஞர். அந்தச் சோலை அங்காடியைக் கேள்விப்பட்டிருந்தால் அவர் மிகவும் மகிழ்ந்திருப்பார் என்றே நினைக்கிறேன். அவர் பெயரிலேயே மரம் இருந்தது.

1903-ஆம் ஆண்டு யூலை மாதம் 18-ஆம் திகதி வியன்னா மாநகரில் ஒரு யூதக் குடும்பத்தில் அவர் பிறந்தார். இட்ட பெயர் விக்டர் தாவீது குரூன்பாம். ஜேர்மன் மொழியில் குரூன்பாம் என்றால் பச்சை மரம். தந்தையார் வழக்கறிஞர். நாடகத் துறையைச் சேர்ந்த பலர் அவருடைய கட்சிக்காரர்களாக இருந்தமையால் சிறுவன் விக்டருக்கு அரங்கமும் ஒப்பனையும் விளக்கொளியும் இளமையிலேயே பழக்கமாயின. வியன்னாவின் பழைய மதில் இடிக்கப்பட்டு அவ்விடத்தில் வட்ட வீதி ஒன்று எழுந்திருந்த காலம் அது. அந்த வட்டத்துக்குள்ளே தேவாலயம், அரண்மனை, கோப்பிக் கடை, புத்தகக் கடை, இசையரங்கு ஆகிய யாவும் கால்நடையாகச் செல்லும் தொலைவிலேயே இருந்தன. கோப்பிக் கடையில் ஒரு கிண்ணம் வாங்கியவர் மாலை வரையில் பத்திரிகை படித்துக்கொண்டு அமர்ந்திருக்கலாம், எழுப்புவார் இல்லை. இந்த ஊர் அவர் நெஞ்சை விட்டு இறுதிவரை நீங்கவில்லை. பிற்காலத்தில் அவர் கண்டம் விட்டுக் கண்டம் சென்று கட்டியவை அனைத்தும் இந்த ஒரே ஊரின் நிழல்களே என்பது என் கருத்து.

1918-இல் தந்தையார் இறந்தார். மகனுக்கு வயது பதினைந்து. தொழிற்கல்விக் கூடத்தில் கட்டட வேலை பயின்று, சிறிது காலம் நுண்கலைக் கழகத்தில் பேத்தர் பேரென்ஸ் என்ற பேராசிரியரிடம் கற்று, ஒரு கட்டட நிறுவனத்தில் பல ஆண்டுகள் ஊழியம் செய்தார். பகலில் வரைபடம், இரவில் நாடகம். சமவுடைமைக் கொள்கையில் ஈடுபட்ட இளைஞர்கள் அரசியலை எள்ளி நகையாடும் மேடை ஒன்றை நடத்தினர். விக்டர் அங்கே எழுதினார், நடித்தார், பாடினார். அக்காலத்து வியன்னாவைச் செவ்வியன்னா என்பர். நகரசபை தொழிலாளருக்காகப் பெருந் தொடர்மனைகளைக் கட்டிக்கொண்டிருந்தது. வீடும் தோட்டமும் நூலகமும் குழந்தைகள் பள்ளியும் ஒரே வளாகத்தில் அமையலாம் என்பதை அவர் கண்ணாரக் கண்டார். 1934-இல் அந்த ஆட்சி துப்பாக்கி முனையில் ஒழிக்கப்பட்டது. மேடையும் மூடப்பட்டது. அதற்கு முன்னரே தனியாகத் தொழில் தொடங்கியிருந்த விக்டருக்குப் பெரிய கட்டடங்கள் எவையும் கிடைக்கவில்லை. கிடைத்தவை சிறு கடைகளின் முகப்புகளே. வாசனைத் திரவியக் கடை, ஆடைக் கடை என ஒவ்வொன்றாகத் திருத்திக் கொடுத்தார். வறுமை கற்பித்த அந்தத் தொழிலே பின்னர் அவருக்குச் சோறு போட்டது.

1938 மார்ச்சில் ஹிட்லரின் படை வியன்னாவுக்குள் புகுந்தது. யூதர் கடைகள் சூறையாடப்பட்டன. விக்டரின் தொழில் அவர் கைவிட்டுப் போயிற்று. நாடகத் தோழர் ஒருவர் நாஸிப் படையினரின் சீருடையை அணிந்துகொண்டு, கைதியை அழைத்துச் செல்பவர்போல அவரையும் அவர் மனைவியையும் விமான நிலையத்துக்குக் கொண்டு சேர்த்தார் என்பது பலராலும் சொல்லப்பட்ட செய்தி. வாழ்நாளெல்லாம் வேடம் புனைந்து நடித்தவர்களுக்கு அன்று புனைந்த வேடமே உயிர் காத்தது. எல்லோருக்கும் அந்தப் பேறு வாய்க்கவில்லை. அதே மேடைகளுக்காக எழுதிய யூரா சொய்ஃபர் என்னும் இளங் கவிஞர் 1939-இல் புகன்வால்ட் வதைமுகாமில் மாண்டார்.

இவ்விடத்தில் என் எழுதுகோல் சற்றுத் தயங்குகிறது. கடை எரிவது என்றால் என்ன என்பதை வெள்ளவத்தைக்காரருக்கு எவரும் வியன்னாவிலிருந்து வந்து விளக்க வேண்டியதில்லை. 1983 யூலைக் கடைசியில் இதே காலி வீதியின் இருமருங்கிலும் தமிழர் கடைகள் எரிந்து கிடந்ததைக் கண்டவன் நான். எங்கள் ஒழுங்கை முகப்பிற் புடைவைக் கடை வைத்திருந்த ஒரு பெரியவர் முகாமிற் சில நாளும் பின்னர் கப்பலேறி யாழ்ப்பாணத்திற் பல மாதமும் இருந்துவிட்டு, அதே இடத்துக்குத் திரும்பி வந்து, கரி படிந்த சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, இரண்டு பெட்டகங்களுடன் மறுபடியும் கடை திறந்தார். அவர் திரும்பி வந்தார். விக்டர் கடல் கடந்தார். இழந்த ஊரை மீண்டும் கட்டும் ஆசை இருவருக்கும் ஒன்றே.

நியூயோர்க்கில் இறங்கியபோது அவரிடம் எட்டு டொலர் இருந்தது; ஆங்கிலம் இல்லை. 1939-இல் அந்நகரில் நடந்த உலகக் கண்காட்சிக்காக ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் எதிர்கால நகரத்தின் மாதிரி ஒன்றை அமைத்தது. அகன்ற நெடுஞ்சாலைகளும் அவற்றில் விரையும் மோட்டார் வண்டிகளும் நிறைந்த அந்த மாதிரியை உருவாக்கிய பட்டறையில் விக்டர் கூலிக்கு வேலை செய்தார். மோட்டார் வண்டியிடமிருந்து மனிதனை மீட்பதற்காகப் பிற்காலமெல்லாம் வாதாடியவரின் முதற் கூலி, மோட்டார் வண்டியின் புகழைப் பாடும் பொம்மை நகரத்திலிருந்தே வந்தது. அதே ஆண்டில் தம்மைப் போன்று ஓடிவந்த கலைஞரைக் கூட்டி வியன்னா மேடை நிகழ்ச்சி ஒன்றைப் புரோட்வே அரங்கிலேயே ஏற்றினார்.

அவ்வாண்டிலேயே ஐந்தாம் நிழற்சாலையில் லெடரர் என்ற தோற்பொருட் கடைக்கு முகப்பு அமைக்கும் வேலை கிடைத்தது. கடை மிகச் சிறியது. கண்ணாடியைத் தெரு விளிம்பில் நிறுத்தாமல் உள்ளே தள்ளி, நடைபாதையின் ஒரு துண்டையே கடைக்குள் இழுத்துக்கொண்டார். அங்கே கண்ணாடிப் பேழை, மெல்லிய விளக்கு, நிற்பதற்கு நிழல். தெருவில் விரைந்தவர் சற்று ஒதுங்கிப் பார்க்கலாம். பார்த்தபின் உள்ளே போவதா வேண்டாமா என்பதை அமைதியாகத் தீர்மானிக்கலாம். செட்டியார் தெரு நகைக்கடைகளில் வாயிற்படியிலேயே வரவேற்று அமரவைக்கும் மரபை அறிந்த நமக்கு இது பெரிய கண்டுபிடிப்பாகத் தோன்றாது. நியூயோர்க்கிற்கு அது புதுமையாயிருந்தது. வேலைகள் வந்து குவிந்தன.

1941-இல் எல்சி குறுமெக் என்ற வடிவமைப்பாளருடன் மேற்குக் கரையிலுள்ள லொஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குச் சென்றார். இருவரும் தொழிற் பங்காளிகள், தம்பதிகளுமாயினர். 1943-இல் அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது. அப்போது தம் பெயரையும் குறுக்கிக்கொண்டார். மரம் போயிற்று, பச்சை மட்டும் எஞ்சியது. ஒரு கட்டடக்கலைத் திங்களிதழ் போருக்குப் பிந்திய ஊர் எவ்வாறு அமையலாம் என்று வினவியபோது, பல கடைகளை ஒரு முற்றத்தைச் சூழ அமைக்கும் யோசனையை இருவரும் அதே ஆண்டில் அனுப்பினர்.

அந்த யோசனையின் வேர் வெறுப்பில் இருந்தது. அமெரிக்காவின் நகர்ப்புறச் சாலைகள் இருமருங்கும் பெற்றோல் நிலையமும் விளம்பரப் பலகையும் தனித்தனிக் கடையுமாகப் பல மைல் தூரம் நீண்டு கிடந்தன. ஒரு கடையிலிருந்து மறு கடைக்குப் போகவும் வண்டி வேண்டும். மனிதர் ஒருவரையொருவர் காண இடமில்லை. குறிப்பாகப் புறநகர் வீடுகளில் பகலெல்லாம் அடைந்து கிடந்த பெண்களுக்குப் போக்கிடம் எதுவுமில்லை. வியன்னாவின் நடுத்தெருவை இந்த வெளியில் ஊன்றினால் என்ன என்பதே அவர் எண்ணம். கடை என்பது தூண்டில் இரை மட்டுமே; மனிதர் கூடுவதே அவர் வேண்டிய மீன்.

டெட்ரோயிற் நகரின் புகழ்பெற்ற ஹட்சன் பெருங்கடையாருக்காக அவர் அமைத்த நோர்த்லாண்ட் 1954 மார்ச்சில் திறக்கப்பட்டது. அந்நாளில் உலகிலேயே மிகப் பெரிய கடைத்தொகுதி அது. அதற்குக் கூரை இல்லை. நடுவே பெருங்கடை, சுற்றிலும் சிறு கடைகள், இடையிடையே பூந்தோட்டமும் நீர்த்தாரையும் சிற்பங்களும். கரடியின் முதுகில் அமர்ந்த சிறுவனின் சிலையைச் சூழ்ந்து குழந்தைகள் விளையாடினர். வண்டிகள் யாவும் வெளியே நின்றன.

இரண்டு ஆண்டுகளின் பின்னர் மினசோட்டா மாநிலத்தில் எடைனா என்ற புறநகரில் எழுந்தது சவுத்டேல். மினியாபொலிஸ் நகரத்து டேற்றன் பெருங்கடையார் அதன் உரிமையாளர். அங்கே மாரியில் உறைபனி. கோடையிற் சுட்டெரிக்கும் வெயில். திறந்த முற்றம் பயன்படாது. ஆகவே எல்லாவற்றுக்கும் மேலாக ஒரே கூரை. 1956 ஒக்டோபர் 8-ஆம் திகதி கதவு திறந்தபோது மக்கள் கண்டது இதுதான்: இரண்டு மாடிகளில் 72 கடைகள், ஒன்றுக்கொன்று போட்டியான இரு பெருங்கடைகள் ஒரே கூரைக்கீழ், நடுவே கண்ணாடி வழியே வெளிச்சம் இறங்கும் ஓர் உயர்ந்த முற்றம். முற்றத்தில் மரங்கள், பூக்கள், கோப்பிக் கடை, பெரிய பறவைக் கூண்டு, ஹரி பெர்டோயா என்ற சிற்பியின் பொன்னிற மரங்கள். பனிக்காலத்திலும் அங்கே வசந்தம். வெளியே 5,200 வண்டிகளுக்குத் தரிப்பிடம். செலவு இரண்டு கோடி டொலர். நம் நாட்டில் அந்த ஆண்டை வேறொரு காரணத்துக்காக, மொழிச் சட்டத்துக்காக நினைவிற் கொள்கிறோம். உலகின் மற்றக் கோடியில் அவ்வாண்டு இப்படியும் ஒன்று நடந்தது.

மக்கள் வியந்தனர், பத்திரிகைகள் புகழ்ந்தன. அமெரிக்கக் கட்டடக்கலையின் முதுபெரும் மேதை பிராங்க் லொயிட் றைட் மட்டும் வந்து பார்த்துவிட்டு, கிராமத் தெருவின் குறைகள் யாவும் இங்கே உண்டு, அதன் அழகு எதுவும் இல்லை என்ற பொருள்பட ஏளனம் செய்து சென்றார். றைட் எவரையும் எளிதிற் புகழாதவர் என்பது உண்மையே. எனினும் அவர் சொல்லில் ஓர் உண்மை இருந்தது. கிராமத் தெருவில் வீடுகள் உண்டு. சவுத்டேலில் வீடில்லை.

குரூன் வரைந்த படத்தில் வீடுகள் இருந்தன. 463 ஏக்கர் நிலத்துக்கு அவர் திட்டம் தீட்டியிருந்தார். அடுக்குமாடி வீடு, தனி வீடு, பள்ளிக்கூடம், மருத்துவ நிலையம், பூங்கா, ஏரி ஆகிய இத்தனைக்கும் நடுவே ஊர்ச் சந்தியாகவே கடைத்தொகுதி அமையவேண்டும். கட்டப்பட்டது சந்தி மட்டும், ஊர் கட்டப்படவில்லை. கடைத்தொகுதி வந்தவுடன் சுற்றியிருந்த நிலத்தின் விலை ஏறிற்று. விலை ஏறிய நிலத்தில் ஏரி வெட்டப் பணமுடையோர் எவர் உடன்படுவர்? நிலத்தைத் துண்டு துண்டாக விற்பதே இலாபம் என்று கண்டுகொண்டனர். வேறொரு காரணமும் உண்டு. அது வரிக்கணக்கில் ஒளிந்து கிடந்தது. 1954-இல் அமெரிக்க அரசு திருத்திய வருமானவரிச் சட்டம், புதிதாகக் கட்டிய வணிகக் கட்டடங்களின் தேய்மானத்தை முதலாண்டுகளிலேயே பெருமளவு கழித்துக்கொள்ள இடந்தந்தது. பழைய கட்டடத்தைப் பழுதுபார்ப்பதிலும் புதுக் கட்டடம் எழுப்புவதே வரியை மிச்சப்படுத்தும் வழியாயிற்று. 1956-இல் நெடுஞ்சாலைச் சட்டமும் வந்தது. கடைத்தொகுதி தேவைப்படாத ஊர்களிலும் கடைத்தொகுதிகள் முளைத்தன. மாணவர்கள் இதைக் கருத்திற் கொள்ளவேண்டும்: ஒரு கட்டடத்தின் வடிவத்தைக் கட்டடக் கலைஞர் மட்டும் தீர்மானிப்பதில்லை, கணக்காளரும் தீர்மானிக்கிறார்.

குரூன் இதை வாளாவிருந்து பார்த்துக்கொண்டிருந்தார் என்று சொல்ல முடியாது. 1956-இலேயே டெக்சஸ் மாநிலத்துப் போர்ட் வேர்த் நகரின் நடுப்பகுதி முழுவதையும் கால்நடையாளருக்கு விட்டுவிடும் திட்டமொன்றைத் தீட்டினார். நகரைச் சுற்றி வட்டச் சாலை, அதன் விளிம்பில் வாகனத் தரிப்பிடங்கள், பண்டங்களை ஏற்றி இறக்க நிலத்தடிப் பாதை, உள்ளே நடப்பவரின் ஆட்சி. மதில் இடிந்த வியன்னாவே மறுபடியும் தோன்றிற்று. நகரத் திட்டங்களைச் சாடுவதில் வல்லவரான ஜேன் ஜேக்கப்ஸ் அம்மையாரே அதைப் பாராட்டினார். ஆனால் அது நிறைவேறவில்லை. கலமசூ என்ற சிற்றூரில் 1959-இல் ஒரு கடைத்தெருவை வண்டிகளிடமிருந்து விடுவித்தார். அமெரிக்காவில் அதுவே முதலாவது. ரொச்செஸ்ரர் நகரின் மையத்திலேயே 1962-இல் கூரையிட்ட கடைத்தொகுதி ஒன்றை அமைத்தார். 1964-இல் நகரங்களின் இதயத்தைப் பற்றித் தடித்த நூலொன்றும் எழுதினார்.

எனினும் அதே காலத்தில் அவருடைய நிறுவனம் ஊருக்கு ஊர் கடைத்தொகுதிகளை வரைந்து கொடுத்துக்கொண்டேயிருந்தது. எண்ணிக்கை ஐம்பதைத் தாண்டிற்று. நகரின் நடுவைக் காக்க நூல் எழுதிய கையே நகரின் நடுவைக் காலியாக்கும் கட்டடங்களுக்கும் கையொப்பமிட்டது. அவரை நேசித்து எழுதுபவர்கள் இந்த இடத்தை விரைந்து கடந்துவிடுகிறார்கள். எனக்கு அது இயலவில்லை. முந்நூறு பேர் வேலை செய்யும் அலுவலகத்தைச் சுமப்பவர் ஊதியத்துக்கு வழி பார்க்க வேண்டும் என்பது புரிகிறது. புரிவதனாற் குற்றம் குறைந்துவிடுவதில்லை.

அவர் பெயரால் வழங்கும் ஒரு சொல்வழக்கும் உண்டு. குறித்த ஒரு பொருளை வாங்கப் புகுந்தவர், விளக்கும் இசையும் வளைந்து செல்லும் வழியும் மயக்க, வந்த காரியம் மறந்து, கண்டதையெல்லாம் விரும்பும் அந்தக் கணத்துக்குக் குரூன் மாற்றம் என்று பெயர். ஒரு கொப்பிக்காகச் சென்றவன் மூன்று பையுடன் திரும்பிய கதையை மேலே சொன்னேன். இதில் வேதனை என்னவெனில், மனிதரை மயக்கி வழிதவறச் செய்வதை குரூனே வெறுத்தார். தாம் எதிர்த்த நோய்க்குத் தம் பெயரே வைக்கப்பட்டதைப் பற்றி அவர் என்ன செய்ய முடியும்?

1968-இல் நிறுவனத்தை விட்டு விலகி வியன்னாவுக்கே திரும்பினார். முப்பதாண்டுகளுக்கு முன்னர் துரத்திய ஊர். இருந்தும் அவர் மனம் நாடியது அதையே. சுற்றுச்சூழலைப் பேணும் திட்டங்களுக்காக ஒரு நிறுவனத்தைத் தம் பெயரில் அமைத்தார். பழைய நகரின் மையத்தை மோட்டார் வண்டிகளிடமிருந்து காக்கும்படி நகரசபைக்கு யோசனை கூறினார். 1970-களில் கெர்ட்னர் தெரு கால்நடையாளருக்குரியதாயிற்று. நோர்த்லாண்டிலும் சவுத்டேலிலும் அவர் பொம்மையாகச் செய்து பார்த்த தெரு, உண்மையான தெருவாகவே அங்கே கிடைத்தது. ஆனால் 1976-இல் வியன்னாவின் தென்புறத்தில், நெடுஞ்சாலையோரத்தில், மிகப் பெரிய கடைத்தொகுதி ஒன்று அமெரிக்க மாதிரியிலேயே திறக்கப்பட்டது. ஓடிப்போன ஊருக்கு மனிதர் திரும்பி வந்தார். அவர் பெற்ற பிள்ளையும் அவரைத் தேடிக்கொண்டு பின்னாலேயே வந்து சேர்ந்தது. பழைய நகரின் சிறு கடைக்காரர்கள் அதற்கு இரையாவதை அவர் தம் கண்ணாலேயே காண நேர்ந்தது. 1978-இல் இலண்டனில் ஆற்றிய உரையில், இக்கடைத்தொகுதிகளுக்குத் தாம் தந்தையல்லர் என்று பலரறிய மறுத்துரைத்தார். 1980 பெப்ரவரி 14-ஆம் திகதி வியன்னாவிலேயே காலமானார்.

மறுப்பு வரலாற்றைத் தடுக்கவில்லை. டெட்ரோயிற் நகரின் நடுவேயிருந்த ஹட்சன் பெருங்கடை, தன் புறநகர்க் குழந்தைகளிடம் வாடிக்கையாளரை இழந்து, 1983 ஜனவரியில் மூடப்பட்டது. 1998-இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அதன் வாடிக்கையாளரைக் கவர்ந்த நோர்த்லாண்டும் 2015-இல் மூடிற்று. கொழும்பில் காலிமுகத் திடலின் எதிரே 2019-இல் மேலும் பெரிய கடைத்தொகுதி ஒன்று திறந்தது. ஆயினும் வெள்ளவத்தையின் புடைவைக் கடைகளும் கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியின் சிறு கடைகளும் இன்னும் திறந்தே இருக்கின்றன. மேல்மாடியில் வீடு, கீழே கடை, கடைக்கு முன்னால் பேருந்துத் தரிப்பிடம், எதிரே கோவில் என்று எவரும் வரைபடம் போட்டுக் கொடுக்காமலே அவை அமைந்திருப்பதை, நடந்து போகும்போது இப்போது வேறு கண்ணுடன் பார்க்கிறேன்.

சவுத்டேல் இன்றும் நிற்கிறது. அதைச் சூழ்ந்து கிடந்த வண்டித் தரிப்பிடத்தின் ஒரு மூலையில், 2010-களின் நடுப்பகுதியில், அடுக்குமாடி வீடுகளைக் கட்டிக் குடியேற்றினர். குரூன் வரைந்த வீடுகள் அறுபது ஆண்டு தாமதமாக வந்து சேர்ந்தன என்று பேரனிடம் சொன்னேன். அந்த வீட்டுப் பிள்ளைகள் கடைக்கு நடந்தே போவார்களா என்று அவன் கேட்டான். நடந்தே போகலாம் என்றேன்.